எண்பதுகளைச் சுமந்த பாடல்கள்: திருநீர்மலைச் சூழலை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு பத்தாண்டின் உணர்வை எந்தப் பாடல்கள் செம்மையாகப் பிடித்துக் காட்டுகின்றன என்னும் வினாவுக்குத் தமிழாய்வு பெரும்பாலும் பாடல் வரிகளிலேயே விடை தேடிவருகின்றது. காலத்தைப் பற்றிப் பேசும் பாடலே காலத்தின் பாடல் என்பது இத்தேடலின் அடிப்படை. இக்கட்டுரை அவ்வடிப்படையை மறுக்கின்றது. 1980-களின் தமிழ்த் திரைப்பாடல்களைப் பல்லாவரம், குரோம்பேட்டை, திருநீர்மலை, தாம்பரம் ஆகிய தென்சென்னைப் புறநகர்ச் சூழலில் வைத்து நோக்குகின்றது. தொல்காப்பியம் கூறும் முதல், கரு, உரி என்னும் பாகுபாடு இதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றது. பாடல் கேட்கப்பட்ட இடமும் பொழுதும், அதைக் கேட்கச் செய்த கருவி, அது தாங்கும் உணர்வு ஆகியவை பொருந்தி நிற்கும்போதே பாடல் ஒரு பத்தாண்டைச் சுமக்கின்றது என்பதும், எண்பதுகளின் தனி உணர்வு காத்திருத்தல் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள்.

திறவுச்சொற்கள்: திரைப்பாடல், எண்பதுகள், ஒலிநாடா, முதல் கரு உரி, முல்லை, திருநீர்மலை, புறநகர்

முன்னுரை

‘அறுபதுகளின் பாடல்’, ‘எண்பதுகளின் பாடல்’ என்னும் தொடர்கள் இன்று பேச்சிலும் எழுத்திலும் இயல்பாக வழங்குகின்றன. பத்தாண்டு என்பது நாட்காட்டி வகுத்த எல்லை. இசை அவ்வெல்லைக்குக் கட்டுப்படுவதில்லை. மக்கள் ‘எண்பதுகள்’ என்று உணரும் ஒலி, இளையராஜா அறிமுகமான ‘அன்னக்கிளி’ (1976) படத்திலேயே தொடங்கிவிடுகின்றது, ஏ. ஆர். ரகுமான் அறிமுகமான ‘ரோஜா’ (1992) வரை அது நீள்கின்றது. ஆயினும் அத்தொடர்கள் பொருளற்றவை அல்ல. கேட்ட சில நொடிகளிலேயே இது இன்ன காலத்துப் பாடல் என்று அறியும் திறன் பயிற்சி பெறாத செவிக்கும் உண்டு. அவ்வறிவு எதனால் விளைகின்றது என்பதே திறனாய்வு எதிர்கொள்ள வேண்டிய வினா.

தமிழ்த்துறைகளில் திரைப்பாடல் ஆய்வு என்பது பெரும்பாலும் பாடலாசிரியர் ஆய்வாகவே நிகழ்ந்துவருகின்றது. கண்ணதாசன், வாலி, வைரமுத்து ஆகியோரின் பாடல்களில் உவமை, தத்துவம், சமுதாயச் சிந்தனை ஆகியன தேடித் தொகுக்கப்படுகின்றன. இம்முறை பயனற்றது அன்று. ஆனால் வரிகளை அச்சில் படிப்பவருக்கும் அப்பாடலை ஒலியாகக் கேட்டவருக்கும் இடையே உள்ள தொலைவை அது அளப்பதில்லை. அத்தொலைவில்தான் பத்தாண்டின் உணர்வு தங்கியுள்ளது. பாடலைக் கேட்ட தலைமுறையின் நினைவும், கேட்ட இடங்களின் உருவமும் விரைந்து மாறிவரும் இந்நாளில், வரிகளை மட்டும் சான்றாகக் கொள்ளும் ஆய்வு இழப்பது பெரிது.

காலத்தைப் பற்றிய பாடலும் காலத்தின் பாடலும்

1980-ஆம் ஆண்டு வெளிவந்த இரு படங்களை ஒப்பிட்டு இவ்வேறுபாட்டைத் தெளியலாம். கே. பாலசந்தரின் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ தில்லியில் வேலை தேடி அலையும் தமிழ் இளைஞர்களின் கதை. பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ சென்னையில் வேலையின்றி வாழும் இளைஞர்களின் கதை. முன்னதற்கு எம். எஸ். விஸ்வநாதனும் பின்னதற்கு இளையராஜாவும் இசையமைத்தனர். வேலையின்மை என்னும் ஒரே பொருளை இரண்டும் எடுத்துக்கொண்டன. பாரதியின் பாடல்களைப் பயன்படுத்தி நேரடியாகச் சினந்து பேசியது முதற்படம். இரண்டாம் படத்தின் புகழ்பெற்ற பாடலோ வேலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. மாலைப்பொழுதின் அழகை வியக்கும் அப்பாடல் வைரமுத்துவின் முதல் திரைப்பாடலாகும்; பாடியவர் எஸ். பி. பாலசுப்பிரமணியம். படம் வணிக வெற்றி பெறவில்லை. பாடல் மட்டும் படத்தைவிட்டு வெளியேறி நாடெங்கும் பரவியது.

காலத்தைப் பற்றிய பாடலைத் தேடுபவர் முதற்படத்தின் பாடல்களையே தேர்வர். ஆனால் 1980-ஐ மீட்டெடுக்க விரும்பும் கலைஞர்கள் அவ்வாறு தேர்வதில்லை என்பது நோக்கத்தக்கது. சசிகுமாரின் ‘சுப்பிரமணியபுரம்’ (2008) படக்கதை 1980-ஆம் ஆண்டு மதுரையில் நிகழ்கின்றது. அப்படம் அவ்வாண்டை உணர்த்த எடுத்தாண்ட பாடல், அதே 1980-இல் வெளிவந்த ‘கல்லுக்குள் ஈரம்’ படத்தின் காதற்பாடலே. அரசியலோ பஞ்சமோ வேலையின்மையோ அதன் பொருள் அன்று. இளைஞனும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்க்கும் காட்சிக்குப் பின்னே, ஊரில் எங்கிருந்தோ வந்து சேரும் ஒலியாக அது அமைகின்றது. பாடல் பேசிய பொருளைக் காட்டிலும், பாடல் காற்றில் இருந்த விதமே ஆண்டைச் சுட்டுகின்றது என்பதை இயக்குநர் உணர்ந்திருந்தார் எனலாம்.

அளவுகோல்: முதல், கரு, உரி

ஆங்கிலத் திறனாய்வாளர் ரேமண்ட் வில்லியம்ஸ் ஒரு காலத்தின் வாழ்வை அதில் வாழ்ந்தோர் உணர்ந்த வகையை ‘உணர்வமைப்பு’ என்னும் கருத்தாக்கத்தால் விளக்கினார். கொள்கைகளாக உறைந்துவிடாத, ஆனால் ஒரு தலைமுறைக்குப் பொதுவான உணர்நிலையை அது குறிக்கும். பத்தாண்டின் பாடலை ஆராய அது துணைசெய்யும். ஆயினும் உணர்வு எவ்விடத்தில், எக்கருவியால் உருப்பெறுகின்றது என்பதைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் கருவி தமிழிலேயே உள்ளது.

தொல்காப்பிய அகத்திணையியல் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கின்றது. கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்க்கின்றது. ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்குரிய இசைக்கருவி உண்டு என்னும் இக்கருத்து, திரைப்பாடல் ஆய்வில் போதிய கவனம் பெறவில்லை. இசைக்கருவி அலங்காரம் அன்று. ஒரு நிலத்தின் வாழ்வை அந்நிலத்ததாகக் காட்டும் பொருள்களுள் ஒன்று. இயந்திரக் காலத்தில் இசையைத் தோற்றுவிக்கும் கருவியோடு அதைக் கேட்கச் செய்யும் கருவியையும் கருப்பொருளாகக் கொள்வது பொருந்தும். யாழின் இடத்தில் கிதாரும் வயலினும் நிற்க, பறையின் இடத்தில் குழாய் ஒலிபெருக்கியும் ஒலிநாடாப் பெட்டியும் நிற்கின்றன.

இவ்வகையில் நோக்கின், ஒரு பாடல் எங்கு, எப்பொழுது கேட்கப்பட்டது என்பது முதல். எதன்வழிக் கேட்கப்பட்டது என்பது கரு. எவ்வுணர்வைத் தாங்கியது என்பது உரி. பாடல் வரி இம்மூன்றையும் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டியதில்லை.

முதற்பொருள்: இடத்தைப் பாடிய பாட்டும் இடம் சொல்லாப் பாட்டும்

திருநீர்மலை பாடல் பெற்ற தலம். 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான இங்கு, மலையடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலத்திலும், மலைமேல் சாந்த நரசிம்மர் இருந்த கோலத்திலும், அரங்கநாதர் கிடந்த கோலத்திலும், உலகளந்த பெருமாள் நடந்த கோலத்திலும் காட்சி தருகின்றனர். திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியின் இரண்டாம் பத்தில் நான்காம் திருமொழியை இத்தலத்துக்கு உரியதாக்கினார். நறையூர், திருவாலி, குடந்தை, கோவலூர் என்னும் நான்கு ஊர்களில் தனித்தனியே கொண்ட கோலங்களை இவ்வொரு மலையோடு இணைத்து அவர் பாடுகின்றார். மலையைச் சூழ்ந்த நீர் வடியும்வரை ஆழ்வார் காத்திருந்து வழிபட்டார் என்பது தலமரபு.

இடத்தின் பெயரைச் சொல்லி, அப்பெயரைப் பாட்டின் ஈற்றில் திரும்பத் திரும்ப நிறுத்தி நினைவை நிலைபெறச் செய்வது பதிகமரபு. பெயர் இருப்பதால் பாட்டு ஊரோடு நிற்கின்றது. ஊர் எவ்வளவு மாறினும் பாட்டு அதைவிட்டு நீங்குவதில்லை. எண்பதுகளின் திரைப்பாடலோ பெரும்பாலும் ஊர்ப்பெயர் சொல்லாதது. எந்த ஊரிலும் ஒலிக்கத்தக்கதாக இருப்பதே அதன் வணிகத் தேவை. ஆகவே இடத்தைப் பாட்டில் வைப்பவர் கவிஞர் அல்லர், கேட்பவரே. பதிகம் இடத்தைச் சொல்லிக் காலத்தைக் கடக்கின்றது. திரைப்பாடல் இடத்தைச் சொல்லாமல் விட்டு, தான் கேட்கப்பட்ட காலத்தோடு பிணைந்துவிடுகின்றது.

அக்காலத்து இப்புறநகரின் முதற்பொருளை உருவாக்கியவை மூன்று. முதலாவது, 1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடிய மின்தொடர்வண்டி. இரண்டாவது, தொழிற்கூடங்கள். குரோம்பேட்டை என்னும் பெயரே குரோம் தோல் நிறுவனத்தால் வந்தது. குரோம்பேட்டைக்கும் திருநீர்மலைக்கும் இடைப்பட்ட நாகல்கேணியில் தோல் பதனிடும் ஆலைகளும், திரிசூலம் பல்லாவரம் பகுதியில் கற்குவாரிகளும் இருந்தன. 1984-இல் தாம்பரத்தில் ஏற்றுமதி மண்டலம் அமைந்தது. மூன்றாவது, ஏரியும் வயலும் அடையாற்றுப் படுகையும் மனைகளாக மாறத் தொடங்கிய குடியிருப்பு. இது நகரமும் அன்று, சிற்றூரும் அன்று. நெய்தலும் மருதமும் மயங்கிய திணையைப் போல இருவகை வாழ்வும் கலந்த நிலம். காலையில் நகருக்குச் சென்று மாலையில் திரும்புவோர் வாழும் இந்நிலத்துக்கு உரிய சிறுபொழுது மாலை. பணியிடம் நகரத்துக்கு உரியது. மாலையே புறநகருக்கு உரியது. தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் வீட்டுத் திண்ணையிலும் பாடல் கேட்கப்பட்டது பெரிதும் அப்பொழுதில்தான்.

கருப்பொருள்: ஒலிநாடாப் பெட்டி

எண்பதுகளை முன்னைய பத்தாண்டுகளினின்று பிரிக்கும் கருப்பொருள் ஒலிநாடா. அதற்கு முன் பாடலைத் தேர்ந்தவர் பிறர். விவித்பாரதியும் இலங்கை வானொலியும் எப்போது எப்பாடலை ஒலிபரப்பும் என்பதைக் கேட்பவர் முடிவு செய்ய இயலாது; அஞ்சலட்டை எழுதி விருப்பத்தைத் தெரிவித்துக் காத்திருக்கலாம். இசைத்தட்டுப் பெட்டி வசதியுள்ளோர் வீட்டிலும் ஒலிபெருக்கி நிலையத்திலும் மட்டுமே இருந்தது. 1975-இல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியின் ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சிக்காக வெள்ளிக்கிழமை மாலையில் அயல்வீட்டின் முன் கூட வேண்டியிருந்தது. ஒலிநாடா இவ்வுறவை மாற்றியது. கேட்பவர் தம் பாடலைத் தாமே தேர்ந்து, தாம் விரும்பும் பொழுதில், விரும்பும் அளவு கேட்கலாயினர்.

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றோர் கொண்டுவந்த ‘டூ இன் ஒன்’ பெட்டிகளும், கடற்கரை நிலையத்தை அடுத்த பர்மா பஜாரில் விற்ற வெளிநாட்டுப் பெட்டிகளும் இம்மாற்றத்துக்கு வழிவகுத்தன. மின்தொடர்வண்டித் தடத்தின் ஒரு முனையில் பெட்டி விற்கும் கடைத்தெருவும் மறுமுனையில் அதைக் கேட்கும் புறநகரும் இருந்தன என்பது நினையத்தக்கது.

இச்சூழலில் தோன்றிய பாடல்பதிவுக் கடை தனி ஆய்வுக்கு உரியது. விரும்பும் பாடல்களின் பட்டியலைத் தாளில் எழுதிக் கடையில் கொடுத்து, அறுபது அல்லது தொண்ணூறு நிமிட நாடாவில் பதிந்து பெறுவது அந்நாளைய வழக்கம். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம் என்றால் ஆறேழு பாடல்கள் அடங்கும். எதை முதலில் வைப்பது, எதற்குப்பின் எது வருவது, சோகப்பாடல்களைத் தனிப்பக்கமாக்குவதா என்னும் முடிவுகளையெல்லாம் கேட்பவரே எடுத்தார். சங்கத்தொகை நூல்களுள் சிலவற்றுக்குத் தொகுத்தோர், தொகுப்பித்தோர் என இருவர் பெயர் வழங்குகின்றது. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. புலவரும் வேந்தரும் ஏற்ற அப்பணியைப் பதிவுக் கடைக்காரரும் தொழிலாளரும் மாணவரும் ஏற்றனர் என்பது மிகையன்று. எண்பதுகளின் பாடல்கள் எவை என்பதற்குப் பின்னாளில் எழுதப்பட்ட பட்டியல்களைவிட, அந்நாளிலேயே கைப்பட எழுதப்பட்ட அத்தாள்களும் நாடா உறைகளின் முதுகுகளுமே நேர்ச்சான்றுகள்.

கருவி ஒலியின் அமைப்பையும் மாற்றியது. குழாய் ஒலிபெருக்கி தாழ்ந்த ஒலிகளைத் தாங்காது. குரல், குழல், வயலின் ஆகிய இடை, உயர் ஒலிகளே அதில் முன்னிற்கும். இரு ஒலிபெருக்கி கொண்ட நாடாப் பெட்டி, தாழொலிக் கிதாரின் ஓட்டத்தையும் இடப்புறம் வலப்புறம் எனப் பிரிந்து வரும் வயலின்களையும் கேட்கச் செய்தது. ‘பிரியா’ (1978) படப்பாடல்கள் தமிழில் இருவழி ஒலிப்பதிவுக்கு வழிகாட்டின. இதன்பின் இளையராஜாவின் முன்னிசையும் இடையிசையும் பாடலுக்கு இணையான தகுதி பெற்றன. ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தில் நிலவைப் பாடும் பாடலின் கிதார் முன்னிசை, சொல் தொடங்கும் முன்னரே பாடலை அடையாளம் காட்டிவிடுகின்றது. இத்தகைய பாடலின் உணர்வை வரிகளில் தேடுபவர், அது தொடங்கிய பின்னரே உள்ளே நுழைகின்றார்.

உரிப்பொருள்: காத்திருத்தல்

முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். அதன் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. சங்க முல்லையில் வினைமேற் சென்ற தலைவன் கார்ப்பருவத் தொடக்கத்தில் மீள்வான் எனத் தலைவி ஆற்றியிருப்பாள். எண்பதுகளின் பாடல்களில் மாலையும் மழையும் வியக்கத்தக்க அளவு மீண்டும் வருகின்றன. ஆனால் காத்திருப்பவர் மாறிவிடுகின்றார்.

‘நிழல்கள்’ படப்பாடலில் மாலையை வியப்பவன் வினைமேற் செல்லாத தலைவன். செல்ல வினை இல்லாமையே அவன் சிக்கல். வேலை உடையவனுக்கு மாலை என்பது நாளின் முடிவு. வேலையற்றவனுக்கு அது மற்றொரு நாள் வீணே கழிந்தது என்பதன் அறிவிப்பு. அம்மாலையை அவன் பழிக்காமல் புகழ்கின்றான். சூழ்நிலைக்கும் உணர்வுக்கும் இடையே உள்ள இம்முரணே பாடலுக்கு ஆழம் தருகின்றது. படத்தைக் காணாதவர்க்கும் அம்முரண் எட்டியதற்குக் காரணம், இசையில் உவகையோடு ஓர் ஏக்கமும் இழையோடுவதே.

‘வறுமையின் நிறம் சிவப்பு’ படத்தின் காதற்பாடல் வேறொரு வகையில் இவ்வுணர்வைத் தருகின்றது. எஸ். ஜானகியின் குரலில் தலைவி மெட்டை மட்டும் தருகின்றாள், எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரலில் தலைவன் அதற்குச் சொல் நிரப்புகின்றான். கண்ணதாசனும் விஸ்வநாதனும் தங்கள் தொழிலின் நடைமுறையையே பாடலாக்கியுள்ளனர். நாட்டில் எவரும் வேலை தராத இளைஞனுக்குக் காதலி ஒரு மெட்டைத் தந்து வேலை தருகின்றாள். அவன் அதைக் குறையின்றி முடிக்கின்றான். படத்தின் சினமொழிகளைவிட இவ்விளையாட்டே அவன் திறன் வீணாவதைக் கூர்மையாக உணர்த்துகின்றது.

மணிரத்னத்தின் ‘மௌன ராகம்’ (1986) முல்லையை முற்றிலும் தலைகீழாக்குகின்றது. பெண் பார்க்க வந்தோர் வீட்டில் காத்திருக்க, தலைவி தோழியரோடு மழையில் ஆடிப் பொழுதைப் போக்குகின்றாள். தலைவன் வரவுக்காக ஆற்றியிருந்த பழந்தலைவிக்கு எதிராக, வந்தவர் திரும்பிப் போகட்டும் என்று இவள் காலம் தாழ்த்துகின்றாள். கார்காலம் அப்படியே உள்ளது, காத்திருத்தலும் உள்ளது, அதன் திசை மாறிவிட்டது. மணமறுப்பைப் பற்றி அப்பாடல் எதுவும் உரைப்பதில்லை. துள்ளும் தாளமும் ஜானகியின் குரலும் அவள் விடுதலையின் இறுதி மணிநேரத்தைக் காட்டிவிடுகின்றன.

1981 அக்டோபரில் கண்ணதாசன் மறைந்தார். அவருடைய இறுதித் திரைப்பாடலாகக் கருதப்படும் ‘மூன்றாம் பிறை’ (1982) தாலாட்டு, இவ்வரிசையில் தனியிடம் பெறுகின்றது. நினைவிழந்த பெண்ணை ஆண் ஒருவன் தாலாட்டுகின்றான். தாய்க்குரிய பாடல்வகை ஆணுக்கு மாறுகின்றது. அவன் காத்திருப்பது அவள் குணமடைவதற்காக. குணமடைந்ததும் அவள் அவனை மறந்துவிடுகின்றாள். காத்திருத்தல் நிறைவேறுவதே இழப்பாகும் இம்முடிவு, கே. ஜே. யேசுதாஸின் அமைதியான குரலில் முன்கூட்டியே ஒலிக்கின்றது.

இவ்வுணர்வின் ஒருதலைத் தன்மையையும் சுட்ட வேண்டும். டி. ராஜேந்தரின் ‘ஒருதலை ராகம்’ (1980) முதல் மோகன் நடித்த படங்கள்வரை, தனிமையில் நின்று பாடும் ஆணே இப்பத்தாண்டின் மையக்குரல். அதே காலத்தில் தாம்பரம் ஏற்றுமதி மண்டலத் தொழிற்கூடங்களில் பெண்கள் பெருமளவில் வேலைக்குச் சேர்ந்தனர்; மின்தொடர்வண்டியில் மாலையில் திரும்பியோருள் அவர்களும் இருந்தனர். குடும்பத்தைத் தாங்கும் செவிலியைத் தலைமைப் பாத்திரமாக்கிய ‘மனதில் உறுதி வேண்டும்’ (1987) போன்ற படங்கள் வந்தன. ஆயினும் உழைத்துத் திரும்பும் பெண்ணின் மாலைக்கு, வேலையற்ற ஆணின் மாலைக்குக் கிடைத்தது போன்ற பாடல் வரிசை கிடைக்கவில்லை. பாடல்கள் பத்தாண்டின் உணர்வைப் பிடித்தன என்னும்போது, எவருடைய உணர்வை என்ற வினா உடன் எழ வேண்டும். அப்பாடல்களைக் கேட்ட பெண்கள் ஆண்குரலின் ஏக்கத்தைத் தமதாக்கிக்கொண்டனரா என்பதற்கு வரிகளில் விடை இல்லை. கேட்டவர்களிடமே அது உள்ளது.

தேதியை இழக்கும் பாடல்கள்

எல்லாப் பாடல்களும் காலத்தைச் சுட்டுவதில்லை. ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும்போது எல். ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள் ஒலிக்கின்றன. எம். எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதமும் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசமும் விடியற்காலையில் ஒலிக்கின்றன. இவையும் குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட கருவிகளோடு பதியப்பட்டவையே. எனினும் இவற்றைக் கேட்பவர் ஓர் ஆண்டை நினைப்பதில்லை. ஆடியையோ விடியலையோ நினைக்கின்றனர். ஆண்டுதோறும் நாள்தோறும் திரும்பி வருவதால் இவை வரலாற்றுக் காலத்தினின்று நீங்கிச் சடங்குக் காலத்துக்குள் சென்றுவிட்டன.

இளையராஜாவின் பெரும்புகழ் பெற்ற பாடல்களுக்கும் இன்று இதுவே நேர்ந்துவருகின்றது. 2000-க்குப் பின் வந்த தனியார் பண்பலை வானொலிகள் இரவுதோறும் அவற்றை ஒலிபரப்பின. பேருந்துகளும் கைப்பேசிகளும் அதைத் தொடர்ந்தன. 1980-இல் பிறந்த பாடல் ஒவ்வொரு பத்தாண்டிலும் கேட்கப்பட்டமையால், அது இப்போது இரவுக்கு உரியதாகிவிட்டது. எண்பதுகளுக்கு மட்டும் உரியது அன்று. சிறந்த பாடலாக நிலைத்தமையே அது தன் தேதியை இழக்கக் காரணம்.

ஆகவே சிறந்த பாடல், பத்தாண்டைச் சிறப்பாகச் சுமக்கும் பாடல் என்னும் இரண்டையும் ஒன்றாகக் கருதுதல் பிழை. ஒரு காலத்தில் செறிவாகக் கேட்கப்பட்டுப் பின்னர் அருகிவிட்ட பாடல்களே தம் காலத்தைச் சிதையாமல் வைத்துள்ளன. சந்திரபோஸ் இசையமைத்த ‘சங்கர் குரு’ (1987), ‘அண்ணாநகர் முதல் தெரு’ (1988), வி. எஸ். நரசிம்மனின் ‘அச்சமில்லை அச்சமில்லை’ (1984), சங்கர் கணேஷ் இசையமைத்த எண்ணற்ற படங்கள் ஆகியவற்றின் பாடல்கள் இவ்வகையின. திரைப்படக் கல்லூரி மாணவர்கள் உருவாக்கிய ‘ஊமை விழிகள்’ (1986) படத்தில் பி. பி. ஸ்ரீநிவாஸும் ஆபாவாணனும் பாடிய நம்பிக்கைப் பாடல் மற்றொரு வகை. அறுபதுகளின் மென்குரலை எண்பதுகளின் எழுச்சிக்குப் பயன்படுத்திய அப்பாடல், 1983-க்குப் பின் துயருற்ற ஈழத்தமிழரிடையே தனிப்பொருள் பெற்றது. கதைச்சூழலை மறந்தோரும் அதைத் தம் காலத்தின் குரலாகக் கொண்டனர். இளையராஜா ஒருவரையே எண்பதுகளின் ஒலியாகக் கொள்ளும் ஆய்வு, இசையின் உயரத்தை அளந்தாலும் காலத்தின் அகலத்தை அளப்பதில்லை.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். மனிதர் தம் இளமைக் காலத்து நிகழ்வுகளையே மிகுதியாக நினைவுகூர்வர் என்று உளவியலார் கூறுவர். அவ்வாறாயின் ‘எண்பதுகளின் உணர்வு’ என்பது அப்போது இளைஞராக இருந்தோரின் இளமையுணர்வே அன்றி வேறில்லை எனலாம். இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் அது முழுமையான விளக்கம் அன்று. அக்காலத்தில் பிறவாதவர்களும் அப்பாடல்களைக் கேட்டவுடன் காலத்தை அறிகின்றனர். ‘சுப்பிரமணியபுரம்’ கண்ட இளைஞருள் பலர் 1980-க்குப் பின் பிறந்தோரே. உரிப்பொருள் அல்லாதவை மயங்கி வரலாம் என்னும் தொல்காப்பியக் கருத்து இங்கு விளக்கம் தருகின்றது. கேட்கும் இடமும் கருவியும் மாறிய பின்னும் பாடலின் உணர்வு மயங்காமல் நிற்கின்றது. இழந்த நிலத்தையும் கருவியையும் புதிய செவி அவ்வுணர்வைக் கொண்டே ஊகித்துக்கொள்கின்றது. இளமை நினைவு பாடலுக்குத் தனியொருவரின் பொருளைத் தருகின்றது. ஒலியமைப்பும் உணர்வும் அதற்குப் பொதுப்பொருளைத் தருகின்றன.

முடிவுரை

பத்தாண்டின் உணர்வைப் பிடித்துக் காட்டும் பாடல் அப்பத்தாண்டைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. அது கேட்கப்பட்ட மாலையும், அதை ஒலித்த பெட்டியும், அதில் தங்கிய காத்திருத்தலும் ஒன்றுசேரும்போது காலம் பாடலுக்குள் வந்துவிடுகின்றது. புகழால் நிலைத்த பாடல்கள் மெல்லத் தம் தேதியை இழக்கின்றன. அருகிய பாடல்களே அதைக் காக்கின்றன.

திருநீர்மலை 2021-இல் தாம்பரம் மாநகராட்சியின் பகுதியாயிற்று. மீட்டர்கேஜ் மின்தொடர்வண்டியும் பாடல்பதிவுக் கடையும் மறைந்துவிட்டன. திருமங்கையாழ்வாரின் திருமொழியில் மலையின் பெயர் இருப்பதால், அதற்கும் மலைக்கும் உள்ள உறவு ஏட்டிலேயே காக்கப்பட்டுள்ளது. ஊர்ப்பெயர் சொல்லாத திரைப்பாடலுக்கும் அதைக் கேட்ட ஊருக்கும் உள்ள உறவு எந்த ஏட்டிலும் இல்லை. அது வீட்டுப் பரண்களில் கிடக்கும் நாடாக்களிலும், மங்கிய மையில் எழுதிய பட்டியல்களிலும், இன்று அறுபது வயதைத் தொடும் கேட்டோர் நினைவிலும் மட்டுமே உள்ளது. ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்த மரபுடைய தமிழாய்வு, இந்நாடாக்களையும் நினைவுகளையும் சான்றாகக் கருதித் தொகுக்கத் தொடங்க வேண்டும். நாடாவின் காந்தப்பூச்சு உதிரும் விரைவு ஓலை செல்லரிக்கும் விரைவைவிடக் குறைந்தது அன்று.